1098 என்று வெட்டிய பத்தாயமும் ‘நல்ல நிலைமை’ நாற்காலிகளும்

கேள்வி: குழித்துறைப் பக்கம் எங்கள் பழைய வீட்டைப் பாகம் பிரிக்கிறோம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாட்டா காலத்துச் சாமான்கள் என் பங்குக்கு வந்திருக்கின்றன: பிரம்பு பின்னிய ஆறு நாற்காலி, ஒரு சாருகசேரை (சாய்வு நாற்காலி), ஒரு வட்ட மேசை, நெல் போட்டு வைக்கும் ஒரு பத்தாயம். எல்லாமே ஈட்டி மரம் என்று அம்மா சொல்வார். அந்தச் சாருகசேரையில் மகாராஜா உட்கார்ந்ததாகவும் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பத்தாயத்தின் மூடியில் 1098 என்று வெட்டியிருக்கிறது. 900 வருடப் பழசு என்கிறான் தம்பி மகன். ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் டேமேஜ், மொத்தமா ஒரு விலை தாறேன்” என்றார். இன்னொருவர் வாட்ஸாப்பில் “கண்டிஷன் எழுதி அனுப்புங்க” என்று கேட்டார். ‘நல்ல நிலைமை’ என்று அனுப்பினேன். அதோடு சரி, பதிலே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது பாலீஷ் அடித்தால் விலை கூடும் என்று தம்பி மகன் அவசரப்படுத்துகிறான். பெங்களூரில் இருக்கும் மகள் இரண்டு நாற்காலி கேட்கிறாள். பிரம்பு அறுந்துபோனது வருத்தமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் வருகிறேன். படங்கள் அனுப்பியிருக்கிறேன். என்ன எழுதுவது, என்ன செய்வது?

பதில்:

டீச்சர், வணக்கம். முதல் வேலையாக அந்த உப்புத்தாளை வாங்கி எங்காவது ஒளித்து வையுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தம்பி மகன் செய்யத் துடிப்பதை நான் 24 வயதில் செய்து முடித்தவன். தக்கலை பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு பழைய கட்டில் என்னிடம் பழுதுபார்க்க வந்தது. இரண்டு நாள் தேய்த்தேன். மேல் அழுக்கு போனது, அதோடு எண்பது வருடமாகக் கைபட்டுக் கைபட்டு மரத்தில் ஏறியிருந்த நிறமும் போனது. தலைமாட்டுச் செதுக்கலின் விளிம்புகள் மழுங்கின. கட்டில் புதுசு மாதிரி ஆனது, வீட்டுக்காரரும் சந்தோஷமாகப் பணம் தந்தார். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆசான் வந்து பார்த்தார். “கட்டிலுக்க மொகத்தையே செரைச்சுப் போட்டியேடே” என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர இன்றுவரை எனக்கு வழி தெரியாது.

இப்போது 1098-க்கு வருவோம். தம்பி மகனிடம் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லுங்கள். அது கொல்லம் ஆண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்க் கணக்கில்தான் இருந்தது. பத்திரம், சாதகம், கிணற்றுக் கட்டுக் கல், பத்தாயம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டையே போடுவார்கள். அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஆவணி பிறந்தால் ஆண்டு மாறுவதால், கொல்லம் ஆண்டின் பின்பாதிக்கு 825, முன்பாதிக்கு 824 என்று சொல்லிக் கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் 1098 என்பது 1922 - 23. 900 வருடம் போய் 100 வருடம் சொச்சம் ஆகிறதே என்று வருத்தப்படாதீர்கள். ஆண்டு வெட்டிய சாமான் கிடைப்பதே அபூர்வம். வியாபாரி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒன்று மட்டும்: அந்த எண் பத்தாயத்துக்குத்தான் வயது சொல்லும். நாற்காலிகளும் அதே வருடம் வந்தன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வீட்டுச் சாமான்கள் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்று கல்யாணத்துக்கு வந்திருக்கும், ஒன்று கடனுக்கு ஈடாக வந்திருக்கும்.

‘நல்ல நிலைமை’ என்று நீங்கள் எழுதியதற்குப் பதில் வராத காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். முப்பது வருடம் கட்டுரை நோட்டுத் திருத்தியிருக்கிறீர்கள். மார்க் போடாமல் ‘நன்று’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளை விடுமா? எதில் நன்று, எதில் குறைந்தது என்று கேட்கும். வாங்குகிறவரும் அதையே கேட்கிறார். வியாபாரி சொன்ன ‘டேமேஜ்’ என்ற சொல்லும் இதே ரகம். அதுவும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் விலையைக் குறைக்கச் சொன்னார், நீங்கள் கூட்டச் சொன்னீர்கள், அவ்வளவே வித்தியாசம். ஒரு சாமானின் நிலைமையை எழுதுவதென்றால் புகழவும் கூடாது, இகழவும் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்: எது முதலிலிருந்தே இருப்பது, எது பிறகு வந்தது, எது இல்லை, எது ஆடுகிறது. படிக்கிறவர் தன் முன்னால் நாற்காலி இருப்பதுபோல உணர வேண்டும். விலையை அப்புறம் பேசலாம்.

சரி, எங்கே பார்ப்பது? கீழே. நீங்கள் அனுப்பிய 11 படத்தில் 10 படம் முன்பக்கம். அடிப்பக்கம் தெரிவது ஒன்றே ஒன்று, அதுவும் மேசைக்குக் கீழே பூனை படுத்திருப்பதால் எடுத்தது என்று நினைக்கிறேன். மேல்பக்கத்தை ஒவ்வொரு தலைமுறையும் அழகு பண்ணிக்கொண்டே வரும். அடிப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை, அதனால் அது பொய் சொல்லாது. தரையில் பழைய ஜமுக்காளம் விரித்து நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழும்பி வரும்.

கைரம்பம் ஓடிய தடம் நேர்கோடாக இருக்கும், ஆனால் இடைவெளி ஒரே சீராக இராது. மில்லின் வட்ட ரம்பம் வில் மாதிரி வளைந்த தடம் போடும். தெரியாத பக்கத்தில் இழைப்புளி ஓடாமல் வாச்சி (மரம் செதுக்கும் கைக்கருவி) கொத்தியது அப்படியே இருந்தால், அது கையால் செய்த பழைய வேலை என்பதற்கு ஒரு சாட்சி. பூட்டுகளில், அதாவது இரண்டு மரத்துண்டு சேரும் இடங்களில், மர ஆணி அடித்திருக்கிறதா, இரும்பா? மரை ஆணி (ஸ்குரூ) இருந்தால் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போல வெட்டிய தலை 1930-களில்தான் பரவலாக வரத் தொடங்கியது. ஆனால் அந்த ஆணியை வைத்து நாற்காலியையே புதுசு என்று தள்ளிவிடாதீர்கள். பழைய நாற்காலியில் யாரோ பிற்பாடு முடுக்கியிருக்கலாம். ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

வட்ட மேசைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. தையல் டேப் எடுத்து மர வரி ஓடும் திசையில் ஒரு தடவையும், அதற்குக் குறுக்கே ஒரு தடவையும் விட்டத்தை அளந்து பாருங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். முழு மரத்தில் செய்த பழைய மேசையில் குறுக்களவு கொஞ்சம் குறைந்திருக்கும். கண்ணுக்கு வட்டம், டேப்புக்கு முட்டை. இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருந்தால், மேல்பலகை பிளைவுட்டா அல்லது பிற்காலத்தில் மாற்றியதா என்று ஒரு சந்தேகத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்து, எல்லாம் ஈட்டியா? இல்லை டீச்சர். அம்மா சொன்னதை மறுப்பதற்கு மன்னியுங்கள். நம் ஊரில் கறுப்பாக இருக்கும் எந்தப் பழைய சாமானையும் ஈட்டி என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அரக்கு பாலீஷில் கறுப்புச் சாயம் கலந்து பிலாவுக்கும் (பலா மரம்) அயனிக்கும் (காட்டுப் பலா) பூசுவது வெகு சாதாரணம். நான்காவது படத்தில் ஒரு நாற்காலியின் சட்டம் உரசிப்போன இடத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு தெரிகிறது. அது பிலா என்றே நினைக்கிறேன். பிலா புதிதில் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், ஆண்டு ஆக ஆகத் தேன் நிறம் தாண்டிப் பழுப்புக்குப் போகும். சாருகசேரை தேக்கு போலத் தெரிகிறது. கைப்பலகைகள் மட்டும் ஈட்டியாக இருக்க வாய்ப்பு உண்டு, ஊதா கலந்த கரும்பழுப்பில் கறுப்பு வரிகள் தெரிகின்றன.

படத்தில் மரத்தை அடித்துச் சொல்ல முடியாது. கையால் தூக்கினால் கொஞ்சம் தெரியும். காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ, ஈட்டி சுமார் 24 கிலோ. ஒரே அளவுள்ள இரண்டு நாற்காலியைத் தூக்கினால் இந்த வித்தியாசம் தோளுக்குத் தெரிந்துவிடும். எழுதும்போது ‘ஈட்டி’ என்று அடித்து எழுதாமல், ‘பிலா போலத் தெரிகிறது, கறுப்புச் சாயம் பூசியது’ என்று எழுதுங்கள். பிலா என்றால் மட்டம் என்று யார் சொன்னது? நம் வீட்டு வாசலும் நிலையும் பாதி அதில்தான் நிற்கின்றன.

இப்போது ஆட்டம். ஒரு கையால் சாய்மானத்தையும் இன்னொரு கையால் உட்காரும் சட்டத்தின் முன்பக்கத்தையும் பிடித்து, எதிரெதிராக மெதுவாக நெளித்துப் பாருங்கள். எந்தப் பூட்டு வாய் திறக்கிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டு தளர்ந்ததும் முறிந்ததும் ஒன்றல்ல. கழுந்து, அதாவது துளைக்குள் போய் உட்காரும் மர முனை, முழுசாக இருந்து பசை மட்டும் விட்டுப்போயிருந்தால் அது சின்னக் காய்ச்சல். பழைய சாமான்களில் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வச்சிரப் பசை போட்டிருப்பார்கள், சூடும் ஈரமும் காட்டினால் இளகும். பூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து அதே பசையால் மறுபடி சேர்க்கலாம், சாமானுக்கு ஒரு குறையும் வராது. கழுந்தே முறிந்திருந்தால் அது பெரிய வேலை.

இதைவிட மோசம், ஆட்டத்தை நிறுத்த யாரோ பூட்டுக்குக் குறுக்கே அடித்த கம்பி ஆணி. கொஞ்ச நாள் ஆடாது. அப்புறம் ஆணியைச் சுற்றி மரம் பிளக்கும், இரும்பு துருப்பிடித்து மரத்தில் கருநீலமாகக் கறை இறங்கும். உங்கள் ஆறில் இரண்டு நாற்காலியில் பின்காலுக்கு மேலே அந்தக் கறை தெரிகிறது. ஆணியை நீங்கள் பிடுங்க வேண்டாம். ‘பின்கால் பூட்டில் இரும்பு ஆணி அடித்த பழைய பழுதுபார்ப்பு’ என்று எழுதினால் போதும்.

ஐந்தாவது நாற்காலியின் முன்னங்காலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற கால்களில் கடைசல் வளையம் மூன்று, அதில் இரண்டு. கால் மாற்றியிருக்கிறார்கள். வாங்க வருகிறவர் நல்ல கண்ணுள்ளவர் என்றால் ஒரு நிமிடத்தில் இதைப் பிடித்துவிடுவார், பிடித்ததும் மீதி ஐந்தையும் சந்தேகப்படுவார். நீங்களே முதலில் எழுதிவிட்டால் மற்ற ஐந்தையும் அவர் நம்புவார். குறையை மறைத்து விற்றவனைவிடச் சொல்லி விற்றவனுக்கு நல்ல விலை கிடைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி உளு, அதாவது மரத்தை அரிக்கும் பூச்சி. நம் ஊர் ஈரத்துக்கு இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இடவப்பாதி மழையும் நமக்குத்தான், துலா மழையும் நமக்குத்தான். வருடத்தில் பாதி நாள் மரம் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கிறது.

மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். முதலாவது உளுவண்டு. குண்டூசித் தலை அளவில், ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் ஓட்டை போட்டு வெளியே வரும்; மைதா மாதிரி மெல்லிய தூள் கொட்டும். இது மரத்தின் வெள்ளையை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியைத்தான் தின்னும், காதலைத் தொடாது. உள்வைரத்துக்குக் காதல் என்று பெயர் வைத்தவர்கள் நம் ஆசாரிமார், நான் இல்லை. வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. மரம் பழசாக ஆக அந்தச் சத்து குறையும். அதனால் நூறு வருட நாற்காலியில் இருக்கும் ஓட்டைகளில் பெரும்பாலானவை காலி வீடுகள். குடியிருந்தவர்கள் போய் ஐம்பது வருடம் ஆகியிருக்கும். ஓட்டையைக் கண்டதும் “உளுத்துப் போச்சு” என்று விலையைப் பாதியாக்குகிறவரை நம்பாதீர்கள்.

ஆனால் பழைய நாற்காலியில் புதுத் துண்டு ஒட்டியிருந்தால் ஜாக்கிரதை. நம் பக்கம் ரப்பர்த்தடி (ரப்பர் மரத்துப் பலகை) மலிவு. மருந்து ஏற்றாத ரப்பர்த்தடி என்றால் உளுவண்டுக்குக் கல்யாணச் சாப்பாடு. பழுதுபார்க்க வைத்த துண்டு வழியாகவே வண்டு உள்ளே வந்த நாற்காலிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. மாற்றிய அந்த ஐந்தாவது நாற்காலிக் காலை இதற்காகவும் ஒரு தடவை பாருங்கள்.

இரண்டாவது ஆள், உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் ஒரு கரையான் வகை. இதற்கு மண் வேண்டாம், மண்புற்றுக் குழாயும் கட்டாது. வெளியே தெரிவது கசகசா மாதிரிச் சிறு மணிகள் மட்டுமே. விரலில் தேய்த்தால் மைதா போல மசியாது, மணல்போல உருளும். கடலோர ஊர்களில் இது அதிகம். மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே பொந்தாகியிருக்கும், அதனால் விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். தேங்காய் பார்க்கிற மாதிரிதான், நல்ல இடமும் பொந்து இடமும் வேறு வேறு சத்தம் தரும். மூன்றாவது ஆள் நாம் எல்லாரும் அறிந்த சிதல். மண்ணிலிருந்து சுவர் வழியாகக் குழாய் கட்டிக்கொண்டு வரும். அது வந்திருந்தால் பிரச்சினை வீட்டில் இருக்கிறது, நாற்காலியில் மட்டும் இல்லை. சுவரோடு ஒட்டி வைத்த பத்தாயத்தின் பின்பக்கத்தை அவசியம் பாருங்கள்.

உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? இருக்கிற தூளை முழுக்கத் துடையுங்கள். கால்களுக்குக் கீழே கறுப்பு சார்ட் பேப்பர் விரியுங்கள், டீச்சர் வீட்டில் அதற்குப் பஞ்சம் இருக்காது. மூன்று வாரம் அசைக்காமல் விடுங்கள். புதுத் தூள் விழுந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். விழாவிட்டால் ‘பழைய உளு ஓட்டைகள், மூன்று வாரத்தில் புதுத் தூள் இல்லை’ என்று தேதியோடு எழுதுங்கள். இந்த ஒரு வரி ‘உளு இல்லை’ என்று நூறு தடவை சொல்வதைவிட மதிப்பு. சாமானை ஆட்டினால் பழைய ஓட்டையிலிருந்தும் தூள் விழும், அதனால்தான் அசைக்காதீர்கள் என்கிறேன்.

புதுத் தூள் விழுந்தால் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைத் தடவிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஓட்டு வீட்டுக் கழுக்கோலுக்கும் (கூரைச் சட்டம்) வள்ளத்துக்கும் (படகு) அது நல்ல காவல், மறுக்கவில்லை. நாற்காலிக்கு வேண்டாம். மரம் கறுத்துப் பிசுபிசுக்கும், கைபட்டால் தோல் பொத்துப்போகும், உட்காருகிறவர் பாவம். மண்ணெண்ணெயும் வேண்டாம். வெயிலில் காயப்போடுவது அதைவிட வேண்டாம். உளு சாகிறதோ இல்லையோ, பூட்டு பிரிந்து பலகை வெடித்துவிடும். பாதித்த சாமானை மற்றவற்றிலிருந்து தள்ளித் தனி அறையில் வையுங்கள். மருந்து ஏற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள், ஏனென்றால் பாலீஷ் இருக்கும் இடத்தில் மேலே தடவும் மருந்து உள்ளே போகாது.

பிரம்பு அறுந்ததற்கு நீங்கள் வருந்தியிருக்கிறீர்கள். அது கவலையே இல்லை. பிரம்பு செருப்பு மாதிரி, தேயத்தான் செய்யும். ஒரு நாற்காலி தன் ஆயுளில் பலமுறை பின்னப்படும். பின்னல் பழையதா, புதியதா, பிளாஸ்டிக் வயரா என்று மட்டும் எழுதுங்கள். அதைவிட முக்கியம் பிரம்பு கோத்த சட்டத்தில் இருக்கும் துளைகள். இரண்டு துளைக்கு நடுவே மரம் கீறிப்போயிருந்தால் அடுத்த பின்னலை இழுத்துக் கட்டும்போது சட்டமே பிளக்கும். அதைப் பாருங்கள்.

மேல்பூச்சுக்கு வருவோம். வெளியே தெரியாத ஓரிடத்தில், காலின் உள்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சில் துளி பாலீஷ் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். இளகி ஒட்டினால் அரக்கு பாலீஷ், அதாவது பழைய முறை. அசையாவிட்டால் பிற்கால வார்னிஷ் அல்லது பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு). சாருகசேரையின் கையில் இருக்கும் வெள்ளை வளையங்கள் சுடு காப்பி டம்ளர் வைத்தவை. ஈரம் பூச்சுக்குள் மட்டும் சிக்கியிருக்கிறது, எடுத்துவிடலாம். மேசையில் இருக்கும் கறுப்பு வளையம் மரத்துக்குள் இறங்கியது, அதோடு சண்டை போட வேண்டாம். இன்னொன்று, மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தேய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்திவிடுங்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக் கெட்டியாகி, செதுக்கலின் பள்ளங்களில் கறுப்புக் களிம்பாக நிற்கிறது. காய்ந்த பழைய வேட்டித் துணி போதும்.

தேய்த்து மினுக்காத பழைய மரம் எப்படி இருக்கும் என்று தம்பி மகனுக்குக் காட்ட வேண்டுமென்றால், ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போங்கள். பூமுகத்தின் (முகப்பு மண்டபம்) மரக் கூரையை அண்ணாந்து பார்க்கட்டும், எந்த டப்பாவிலும் அந்த நிறம் விற்பதில்லை. திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள்.

மகாராஜா உட்கார்ந்த கதை. தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை பாதிச் சாருகசேரைகளில் மகாராஜா உட்கார்ந்திருக்கிறார், டீச்சர். மீதியில் திருவிதாங்கூர்ப் படைத் தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாய் உட்கார்ந்திருக்கிறார். டிலனாய் 1777-லேயே உதயகிரிக் கோட்டையில் அடங்கிவிட்டார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ‘குடும்பத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படுவது’ என்று தனியே ஒரு வரியில் எழுதுங்கள், நிலைமையோடு கலக்காதீர்கள். அதைவிடப் பலமான சாட்சி உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். பழைய கல்யாண போட்டோ, பாட்டா கசேரையில் உட்கார்ந்த போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். போட்டோவில் இருக்கும் கைப்பிடியும் இப்போது இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிடலாம். 1956-க்கு முந்தைய பாகப்பத்திரம் மலையாளத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், சில வீடுகளில் கட்டிலையும் பத்தாயத்தையும் கூடப் பட்டியல் போட்டிருப்பார்கள்.

எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். ஐந்தாவது நாற்காலிக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். அளவுகளை நீங்கள் நிரப்பிக் கொள்ளுங்கள், படத்தில் தெரியாதவற்றை நீங்கள் சோதித்துப் பார்த்தபடி மாற்றிக் கொள்ளுங்கள்:

“நாற்காலி 5, ஆறில் ஒன்று. கைப்பிடி இல்லாதது, பிரம்பு இருக்கை. உயரம், அகலம், ஆழம், இருக்கை உயரம் இத்தனை சென்டிமீட்டர். பிலா மரம் போலத் தெரிகிறது. கறுப்புச் சாயம் கலந்த அரக்கு பாலீஷ், சட்ட விளிம்புகளில் உரசி மரம் தெரிகிறது. முன் இடது கால் பிற்காலத்தில் மாற்றியது, கடைசல் மற்ற கால்களோடு பொருந்தவில்லை. பின் வலது பூட்டு தளர்ந்திருக்கிறது, முறிவு இல்லை. அதே இடத்தில் இரும்பு ஆணி ஒன்று, சுற்றிலும் கறை. பின்னங்கால் அடியில் பழைய உளு ஓட்டைகள் சுமார் பத்து. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை புதுத் தூள் இல்லை. பிரம்பு நடுவில் ஒரு சாண் அளவு அறுந்திருக்கிறது, சட்டத் துளைகளில் கீறல் இல்லை. தேய்த்து மறுபூச்சு செய்யவில்லை. இப்போதைய நிலையில் உட்காரத் தக்கதல்ல.”

இடது, வலது என்பது உட்கார்ந்திருக்கிறவருக்கா, எதிரே நிற்கிறவருக்கா என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். இந்த ஒரு குழப்பத்தால் நான் தவறான காலைக் கழற்றியது உண்டு. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன், பின், பக்கம், அடி என்று நாலு படம், குறை உள்ள இடத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம். எண்ணைச் சாக்பீஸால் நாற்காலியில் எழுத வேண்டாம். நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள்.

மொத்த விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘எல்லாம் டேமேஜ்’ என்று மொத்தமாகக் கேட்கிறவரின் கண் பெரும்பாலும் ஒரு சாமான் மேல்தான் இருக்கும், மற்றதெல்லாம் அதற்குப் போர்வை. உங்களிடம் அது சாருகசேரையா, ஆண்டு வெட்டிய பத்தாயமா என்பது தனித்தனியாக விலை கேட்டால் தானே வெளியே வந்துவிடும். ஆறும் ஜோடியாக இருக்கும் நாற்காலிகளுக்கு ஒரு மதிப்பு, பிரித்தால் வேறு மதிப்பு. மகளுக்கு இரண்டைக் கொடுத்த பிறகு நாலைத்தான் விற்கிறீர்கள் என்பதை யோசித்துக் கொள்ளுங்கள். கொடுப்பது என்று முடிவானால் கால் மாற்றிய ஐந்தாவதையும், ஆணி அடித்த மற்றொன்றையும் அவளுக்குக் கொடுங்கள். பாட்டா நாற்காலி என்பதற்காகக் கேட்கிறாள், வளையத்தை எண்ணப் போவதில்லை.

“வெளிநாட்டுப் பார்ட்டி இருக்கு” என்று யாராவது வந்தால் உஷார். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, தொல்பொருள் என்று கருதத்தக்க 100 ஆண்டு கடந்த பொருட்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு உரிமமும் வேண்டும். உங்கள் பத்தாயத்தில் வயதை வெட்டியே வைத்திருக்கிறார்கள். ஈட்டி மரத்துக்கும் ஏற்றுமதியில் தனிக் கட்டுப்பாடு உண்டு.

பெங்களூர் நம் ஊரைவிடக் காய்ந்த ஊர். இத்தனை வருடம் ஈரக் காற்றில் இருந்த மரம் அங்கே போனதும் சுருங்கும், பூட்டுகள் இன்னும் கொஞ்சம் தளரும், சில இடத்தில் கீறல் விழலாம். ஏ.சி.க்கு நேர் எதிரிலும் ஜன்னல் வெயிலிலும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் யாரும் உட்காராமல் இருந்தால் நல்லது. அப்புறம் அங்கேயே பூட்டைச் சரி செய்துகொள்ளலாம். இங்கே இறுக்கி அனுப்பினால் அங்கே போய் மறுபடி ஆடும்.

பத்தாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடி, பலகை, பூட்டு எல்லாம் முதலிலிருந்தே உள்ளவை போலத் தெரிகின்றன. உள்ளே நெல் இல்லையென்றால் மூடியைப் பகலில் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். தரைக்கும் அதற்கும் நடுவே நாலு செங்கல் கொடுங்கள்.

மூன்று வாரக் கணக்கு முடிந்ததும் ஐந்தாவது நாற்காலியை மட்டும் நாகர்கோவிலுக்குக் கொண்டு வாருங்கள், மற்றவை அங்கேயே இருக்கட்டும். ஆட்டோவில் ஏற்றும்போது சாய்மானத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, உட்காரும் சட்டத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். கறுப்பு சார்ட்டில் ஏதாவது விழுந்திருந்தால் அதை ஒரு தாளில் மடித்து நாற்காலியோடு கொண்டு வாருங்கள். மைதாவா கசகசாவா என்று பார்த்துச் சொல்கிறேன்.